நொதி வேலை செய்யும்போதே படம் பிடிப்பது எப்படி? நேரம் சார்ந்த எக்ஸ்-கதிர் படிகவியலுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

உயிர்வேதியியல் புத்தகங்களில் நாம் பார்க்கும் நொதிப் படங்களில் பெரும்பாலானவை சும்மா இருக்கும் நொதியின் படங்கள். வினைபொருள் இல்லாமல் ஒரு படம், வினையைத் தொடர விடாத தடுப்பான் ஒட்டியபடி இன்னொரு படம். நடுவில் நடப்பதெல்லாம் வளைந்த அம்புக்குறிகள். அந்த அம்புக்குறிகள் பல சமயம் சரியாகவே இருக்கின்றன. ஆனாலும் அவை ஊகம்தான், யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

அந்த நடுப்பகுதியைப் பார்க்க முயல்வதுதான் நேரம் சார்ந்த படிகவியல். படிகத்துக்குள் வினையைத் தொடங்கிவைத்து, 10 மில்லிவினாடி, 100 மில்லிவினாடி, 1 வினாடி என்று குறித்த நேரங்களில் எக்ஸ்-கதிர் படம் எடுத்து, அணுக்கள் எங்கே நகர்ந்தன என்று பார்க்கிறோம். சாதாரண முறையில் ஒரு படிக அமைப்பையாவது தீர்த்துப் பழகியவர்களுக்காக இதை எழுதுகிறேன். காசநோய்க் கிருமியின் பிளா-சி என்ற பீட்டா-லாக்டமேஸ் நொதியை நெடுகிலும் உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். பென்சிலின் வகை மருந்துகளை உடைத்துப்போடும் நொதி அது. செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக்கை அது பிடிப்பதையும் உடைப்பதையும் மாரியஸ் ஷ்மிட் குழுவினர் கலிஃபோர்னியாவின் எல்சிஎல்எஸ் என்ற எக்ஸ்-கதிர் லேசரில் படம் பிடித்து 2018-இல் வெளியிட்டார்கள்.

முதலில், படிகத்துக்குள் நொதி வேலை செய்யுமா?

பெரும்பாலும் செய்யும். புரதப் படிகம் உப்புக்கல் மாதிரி கெட்டியானது அல்ல. அதன் கன அளவில் ஏறத்தாழ பாதி தண்ணீர். மூலக்கூறுகளுக்கு நடுவே ஓடும் அந்தத் தண்ணீர்க் கால்வாய்கள் வழியாக வினைபொருள் உள்ளே போகலாம், விளைபொருள் வெளியே வரலாம். 1960-களிலேயே ரிபோநியூக்ளியேஸ், கார்பாக்சிபெப்டிடேஸ் போன்ற நொதிகள் படிக நிலையிலும் வினை புரிகின்றன என்று காட்டிவிட்டார்கள்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பக்கத்துக்கு 10 மைக்ரோமீட்டர் உள்ள சின்னப் படிகத்தில்கூட ஏறக்குறைய 100 கோடி அலகுக்கூடுகள் (படிகத்தில் திரும்பத் திரும்ப அடுக்கப்படும் மிகச் சிறிய பெட்டிகள்) இருக்கும். எக்ஸ்-கதிர் காட்டுவது அத்தனை மூலக்கூறுகளின் சராசரியைத்தான். விசில் ஊதியதும் எல்லோரும் ஒன்றாக ஓடினால்தான் பந்தயத்தைப் படம் பிடித்து ஏதாவது சொல்ல முடியும். ஒருவர் தொடக்கக் கோட்டிலும் இன்னொருவர் முடிவுக் கோட்டிலும் நிற்கும்போது எடுத்த படத்தில் வெறும் கூட்டம்தான் தெரியும். ஆகவே இந்தத் துறையின் பாதி உழைப்பு எல்லா மூலக்கூறுகளையும் ஒரே நேரத்தில் புறப்பட வைப்பதில்தான் போகிறது.

படி 1: வேகங்களை அளந்துகொள்ளுங்கள்

பலரும் அவசரப்பட்டுத் தாண்டிப்போவது இந்தப் படியைத்தான். பீம் டைம் (எக்ஸ்-கதிர் நிலையத்தில் ஒதுக்கப்படும் நேரம்) கிடைத்துவிட்டது, படிகமும் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம் என்று கிளம்புகிறார்கள். எந்த இடைநிலை எவ்வளவு நேரம் நிற்கும் என்று தெரியாமல் கிளம்பினால், எடுத்த படங்கள் எல்லாமே தொடக்க நிலையாகவோ முடிவு நிலையாகவோ இருந்துவிடும்.

கரைசலில் நொதியின் சுழற்சி எண், அதாவது ஒரு நொதி மூலக்கூறு வினாடிக்கு முடிக்கும் சுற்றுகள், எவ்வளவு? வினாடிக்கு 50 என்றால் ஒரு சுற்றுக்குச் சராசரியாக 20 மில்லிவினாடி ஆகிறது. அந்த 20-இல் மெதுவான படி எது? வினைபொருள் பிணைவதா, வேதிப்பிணைப்பு உடைவதா, விளைபொருள் வெளியேறுவதா? நீங்கள் பார்க்க விரும்பும் இடைநிலை, மெதுவான படிக்கு நேர் முன்னால் தேங்கி நிற்பதாக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அதற்குப் பின்னால் வருவதாக இருந்தால் அது சேரவே சேராது, எவ்வளவு நல்ல எக்ஸ்-கதிர் இருந்தாலும் தெரியாது. அப்படிப்பட்ட நொதியை விட்டுவிடுங்கள். அல்லது அந்த அடுத்த படியைத் தாமதப்படுத்தும் திரிபு ஒன்றைத் தேடுங்கள்.

அப்புறம், அதே அளவீட்டைப் படிகத்திலும் செய்ய வேண்டும். நுண்படிகச் சேற்றை வினைபொருளோடு கலந்து நிறமாலைமானியில் பார்க்கலாம், அல்லது குறித்த நேரத்தில் அமிலம் ஊற்றி வினையை நிறுத்தி விளைபொருளை அளக்கலாம். கரைசலில் இருக்கும் வேகம் படிகத்தில் அப்படியே இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். படிகத்தை வளர்க்கப் பயன்படுத்திய அமில நிலை, உப்பு, பக்கத்து மூலக்கூறின் நெருக்கம் எல்லாம் சேர்ந்து வேகத்தை மாற்றிவிடும்.

படிக வளர்ப்புக் கரைசலில் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். பிளா-சி படிகங்கள் பாஸ்பேட் உப்பில் வளர்ந்தவை. ஒரு பாஸ்பேட் அயனி நொதியின் வினைமையத்திலேயே போய் உட்கார்ந்திருந்தது. உள்ளே வரும் மருந்து முதலில் அதைத் தள்ளிவிட வேண்டும். உங்கள் படிகத்திலும் இப்படி ஒரு குடியிருப்பாளர் இருக்கலாம். வினை தொடங்காத ஓய்வுநிலை அமைப்பை நல்ல துல்லியத்தில் தீர்த்து, வினைமையத்தில் உள்ள ஒவ்வொரு எலக்ட்ரான் அடர்த்திப் பொட்டுக்கும் பெயர் சொல்ல முடிகிறதா என்று சோதித்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

படி 2: எதை வைத்து வினையைத் தொடங்குவது?

ஒளியால் இயங்கும் நொதி என்றால் வேலை சுலபம். லேசர் ஒன்றைத் தட்டினால் எல்லா மூலக்கூறுகளும் ஒன்றாகப் புறப்படும். ஆனால் டிஎன்ஏ ஃபோட்டோலையேஸ் போன்ற சிலவற்றைத் தவிர இயற்கையில் இப்படிப்பட்ட நொதிகள் மிகக் குறைவு. வினைபொருளை ஒளியால் உடையும் ஒரு மூடியோடு படிகத்துக்குள் அனுப்பி, பிறகு ஒளி பாய்ச்சி மூடியைக் கழற்றுவது இன்னொரு வழி. ராஸ் என்ற புரதத்தில் ஜிடிபி (GTP) மூலக்கூறு உடைவதைப் பார்க்க 1990-இலேயே இப்படிச் செய்தார்கள். மூடி போட்ட மூலக்கூறைத் தயாரிக்க ஒரு நல்ல கரிம வேதியியலாளர் நண்பராக இருக்க வேண்டும் என்பதுதான் இதில் உள்ள கஷ்டம்.

மீதி எல்லா நொதிகளுக்கும் பொதுவான வழி கலப்பதுதான். படிகத்தோடு வினைபொருள் கரைசலைக் கலக்க வேண்டும், அது உள்ளே ஊறும் வரை காத்திருக்க வேண்டும். கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் இங்கேதான் கணக்கு போட வேண்டும்.

படி 3: ஊறும் நேரக் கணக்கு

ஒரு தகட்டுப் படிகத்துக்குள் வினைபொருள் பரவ ஆகும் நேரத்தைத் தோராயமாகக் கணக்கிடுவது எளிது. படிகத் தடிமனின் வர்க்கத்தை எடுத்து, பை வர்க்கத்தாலும் (சுமார் 9.87) பரவல் குணகத்தாலும் வகுக்க வேண்டும். தண்ணீரில் குளுக்கோஸின் பரவல் குணகம் வினாடிக்குச் சுமார் 670 சதுர மைக்ரோமீட்டர். 10 மைக்ரோமீட்டர் தடிமன் என்றால் 100-ஐ 6,600-ஆல் வகுக்கிறோம். விடை 15 மில்லிவினாடி. 2 மைக்ரோமீட்டர் என்றால் 0.6 மில்லிவினாடி. வழக்கமாக நாம் ஆசையாக வளர்க்கும் 200 மைக்ரோமீட்டர் படிகம் என்றால் 6 வினாடி.

தடிமன் பத்து மடங்கு கூடினால் நேரம் நூறு மடங்கு கூடுகிறது. வினாடிக்கு 50 சுற்று ஓடும் நொதியை 200 மைக்ரோமீட்டர் படிகத்தில் படம் பிடிக்கவே முடியாது. உள்ளே இருக்கும் மூலக்கூறுக்கு முதல் வினைபொருள் போய்ச் சேருவதற்குள் வெளியே இருப்பது 300 சுற்று முடித்திருக்கும். ஆகவே இந்தத் துறையில் பெரிய படிகம் பயன்படாது, சின்னப் படிகம்தான் வேண்டும்.

இந்தக் கணக்கு தண்ணீருக்கானது. படிகக் கால்வாய்களில் பரவல் இன்னும் மெதுவாக நடக்கும். பத்து மடங்கு மெதுவாக இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுவது நல்லது. அப்படியானால் 10 மைக்ரோமீட்டருக்கே 150 மில்லிவினாடி ஆகிவிடும்.

இன்னொரு கணக்கும் உண்டு, இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 30 கிலோடால்டன் எடையுள்ள புரதம், பாதி தண்ணீர் உள்ள படிகம் என்று வைத்துக்கொண்டால், படிகத்துக்குள் புரதத்தின் செறிவு 20 மில்லிமோலாருக்கு மேல் வரும். எல்லா வினைமையங்களும் நிரம்ப வேண்டும் என்றால் வினைபொருள் அதைவிடப் பல மடங்கு செறிவில் வர வேண்டும். 5 மில்லிமோலார் கரைசலைக் கலந்துவிட்டு அடர்த்தி ஏன் தெரியவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வதில் பயன் இல்லை. வெளி அடுக்கில் உள்ள மூலக்கூறுகளே எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருக்கும். உங்கள் வினைபொருள் 100 மில்லிமோலாரில் கரையுமா? அந்தச் செறிவில் கரைசலின் அமில நிலை மாறுமா? படிகம் வெடிக்குமா? இதையெல்லாம் உங்கள் ஆய்வகத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தே பார்த்துவிடலாம்.

படி 4: நுண்படிகங்கள்

ஒரே அளவில், லட்சக்கணக்கில், 5 முதல் 20 மைக்ரோமீட்டருக்குள் வேண்டும். ஆவிப் பரவல் முறையை விட்டுவிட்டு, புரதத்தையும் வீழ்படிவுக் கரைசலையும் நேரடியாகக் கலக்கும் தொகுதி முறைக்கு மாறுங்கள். பழைய படிகங்களை நொறுக்கி விதையாகப் போட்டால் எண்ணிக்கை கூடும், அளவு குறையும். விதையின் அளவை இரட்டிப்பாக்கி இரட்டிப்பாக்கிப் பார்த்தால் உங்களுக்கு வேண்டிய அளவு எங்கே வருகிறது என்று பிடிபட்டுவிடும்.

அளவு ஒரே மாதிரி இருப்பது எண்ணிக்கையைவிட முக்கியம். 5 மைக்ரோமீட்டர் படிகமும் 20 மைக்ரோமீட்டர் படிகமும் கலந்து கிடந்தால், ஊறும் நேரம் பதினாறு மடங்கு வேறுபடும். அப்புறம் "30 மில்லிவினாடி" என்று நீங்கள் எழுதும் எண்ணுக்கு அர்த்தமே இருக்காது.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு என் பரிந்துரை சைலோஸ் ஐசோமரேஸ். குளுக்கோஸை ஃப்ரக்டோஸாக மாற்றும் நொதி. சோளச் சர்க்கரைப்பாகு தயாரிப்பில் டன் கணக்கில் பயன்படுகிறது. படிகமாகவே விலைக்குக் கிடைக்கிறது, மிக நன்றாகக் கதிர்களைச் சிதறடிக்கிறது, வினைபொருளோ வெறும் குளுக்கோஸ். வினையும் மெதுவானது. உங்கள் சொந்த நொதியைத் தொடுமுன் இதில் கை பழகினால் எந்தப் பிழை கருவியுடையது, எந்தப் பிழை நொதியுடையது என்று பிரித்துப் பார்க்கத் தெரியும்.

படி 5: எந்த எக்ஸ்-கதிர், எந்த ஏற்பாடு?

எல்சிஎல்எஸ் போன்ற கட்டற்ற எலக்ட்ரான் லேசர் என்றதும் எல்லோருக்கும் ஆசை வருகிறது. நியாயமான ஆசைதான். சில பத்து ஃபெம்டோவினாடி மட்டுமே நீளும் துடிப்பு, படிகம் சிதைவதற்கு முன்பே அதன் சிதறல் படத்தை எடுத்துவிடுகிறது. கதிர்ச்சேதம் பற்றிய கவலை பெருமளவு போய்விடும். பிளா-சி ஆய்வில் படிகச் சேற்றையும் மருந்துக் கரைசலையும் மெல்லிய குழாய்களில் சந்திக்க வைத்து, தாரையாகப் பீய்ச்சி, லேசரின் குறுக்கே ஓட விட்டார்கள். கலக்கும் இடத்துக்கும் லேசர் அடிக்கும் இடத்துக்கும் உள்ள தூரத்தையும் ஓட்ட வேகத்தையும் மாற்றினால் தாமதம் மாறும். 30, 100, 500 மில்லிவினாடி, 2 வினாடி என்ற நேரப்புள்ளிகள் அப்படித்தான் வந்தன. ஆனால் தாரை முறை புரதத்தைக் குடிக்கும். இரண்டு துடிப்புகளுக்கு நடுவே ஓடிப்போகும் படிகங்கள் எல்லாம் வீண்.

மில்லிவினாடியும் அதற்கு மேலும் எடுக்கும் நொதிகளுக்குச் சின்க்ரோட்ரான் (எலக்ட்ரான்களை வளையத்தில் சுற்றவிட்டு எக்ஸ்-கதிர் எடுக்கும் நிலையம்) போதும் என்பது என் உறுதியான கருத்து. நம் நொதிகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். ஹாம்பர்கில் உள்ள பெட்ரா-3 சின்க்ரோட்ரானில் இதற்கென்றே ஒரு நிலையம் இருக்கிறது. அங்கே சிலிக்கான் சில்லு ஒன்றில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட சின்னஞ்சிறு குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஒரு நுண்படிகம் விழும்படி சேற்றை மேலே ஊற்றி அடியிலிருந்து உறிஞ்சுகிறார்கள். பிறகு ஒரு நுண்முனை ஒவ்வொரு குழியின் மேலும் பிக்கோலிட்டர் அளவில் ஒரு துளியைத் தெறிக்கிறது. 2019-இல் வெளியான இந்த முறையில்தான் சைலோஸ் ஐசோமரேஸில் குளுக்கோஸ் பிணைவதையும், பிறகு அதன் வளையம் திறப்பதையும் பார்த்தார்கள்.

இதில் ஒரு அழகான தந்திரம் உண்டு. ஒரு குழியில் துளி விட்டு 5 வினாடி காத்திருந்து படம் எடுத்து, அடுத்த குழிக்குப் போனால் ஒரு சில்லுக்கு ஒரு நாளுக்கு மேல் ஆகும். அதற்குப் பதில், துளி விட்டுக்கொண்டே வரிசையாக முன்னால் போய், சரியாக 5 வினாடி கழித்து முதல் குழிக்குத் திரும்பி வந்து படம் எடுக்கிறார்கள். எவ்வளவு நீண்ட தாமதமாக இருந்தாலும் சில்லை முடிக்கும் நேரம் நிமிடக் கணக்கிலேயே நிற்கிறது.

சில்லில் உள்ள படிகங்கள் நொடியில் காய்ந்துவிடும். காற்றின் ஈரப்பதம் 95 சதவீதத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் இருப்பவர்கள் என்ன செய்வது? நம்மிடம் எக்ஸ்-கதிர் தரும் கட்டற்ற எலக்ட்ரான் லேசர் இல்லை. இந்தூரில் உள்ள இண்டஸ்-2 சின்க்ரோட்ரானில் புரதப் படிகவியலுக்கான பீம்லைன் இருக்கிறது. அங்கேயும், ஆய்வகத்து எக்ஸ்-கதிர்க் கருவியிலும்கூடச் செய்யக்கூடிய முறை உறைய வைப்பது. படிகத்தை வினைபொருளில் நனைத்து, குறித்த நேரத்தில் திரவ நைட்ரஜனில் முக்கிவிட வேண்டும். கையால் செய்தால் சில வினாடிகளுக்குக் கீழே நம்பகமாகப் போக முடியாது. மெதுவான வினைக்கு அதுவே தாராளம். டிஎன்ஏ பாலிமரேஸ் ஈட்டா நொதியில் மக்னீசியம் சேர்த்து வினையைத் தொடங்கி, 40 வினாடியிலிருந்து படிப்படியாக உறைய வைத்துப் புதிய பிணைப்பு உருவாவதை 2012-இல் காட்டினார்கள். யாரும் எதிர்பார்க்காத மூன்றாவது உலோக அயனி ஒன்று வினையின் நடுவில் வந்து சேர்வது அந்த வரிசையில்தான் தெரிந்தது. தானியங்கிக் கருவி இருந்தால் 50 மில்லிவினாடி வரைகூட இறங்கலாம். உறையும்போது பக்கச் சங்கிலிகள் சில தம் இடத்தை மாற்றிக்கொள்ளும் என்பதை மட்டும் மனதில் வைத்திருங்கள்.

படி 6: நேரப்புள்ளிகளும் ஒப்பீடுகளும்

நேரத்தைச் சம இடைவெளியில் பிரிக்காதீர்கள். 10, 30, 100, 300 மில்லிவினாடி, 1, 3, 10 வினாடி என்று பெருக்கல் வரிசையில் போங்கள். வேதிவினைகள் அடுக்குக்குறி முறையில் நடப்பவை, தொடக்கத்தில்தான் அதிகம் மாறும். படிகம் குறைவாக இருந்தால் ஏழு புள்ளிகளை அரைகுறையாக எடுப்பதைவிட மூன்றை முழுமையாக எடுப்பது மேல்.

ஒப்பீட்டுப் படங்கள் இரண்டு கட்டாயம். ஒன்று, எதுவும் கலக்காத படிகம். இரண்டாவது, வினைபொருள் இல்லாத வெறும் கரைசலைக் கலந்த படிகம். இரண்டாவதை எடுக்காமல் விடவே விடாதீர்கள். உப்புச் செறிவு மாறுவதால் மட்டுமே அலகுக்கூடு சுருங்கலாம், புரதச் சங்கிலியின் ஒரு வளைவு நகரலாம். அதை நொதியின் அசைவு என்று எழுதிவிடக் கூடாது.

சின்க்ரோட்ரானில் அறை வெப்பநிலையில் வேலை செய்தால் கதிர்ச்சேதம் பெரிய எதிரி. உறைந்த படிகம் 30 மெகாகிரே (உள்வாங்கிய கதிர் அளவின் அலகு) வரை தாங்கும் என்பது நடைமுறை வரம்பு. அறை வெப்பநிலையில் அதில் மிகச் சிறு பங்கைத்தான் தாங்கும். ஒவ்வொரு படிகத்தையும் ஒரே முறை மட்டும் படம் எடுத்துவிட்டு நகர்வதற்கு இதுவே காரணம். உலோகம் உள்ள நொதி என்றால் இன்னும் கவனம் தேவை. எக்ஸ்-கதிரே எலக்ட்ரானைக் கொடுத்து உலோகத்தின் நிலையை மாற்றிவிடும், நீங்கள் அதை இடைநிலை என்று நினைத்துக்கொள்வீர்கள்.

படி 7: படங்களிலிருந்து வரைபடம்

ஒவ்வொரு நேரப்புள்ளிக்கும் ஆயிரக்கணக்கான படங்கள், ஒவ்வொன்றும் வெவ்வேறு படிகத்திலிருந்து, வெவ்வேறு திசையில். க்ரிஸ்ட்எஃப்இஎல், டயல்ஸ் போன்ற இலவச மென்பொருள்கள் நல்ல படங்களைப் பொறுக்கி, திசையைக் கண்டுபிடித்து, எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி எடுக்கும். ஒரு நேரப்புள்ளிக்குக் குறைந்தது 5,000 முதல் 10,000 நல்ல படங்களாவது சேர்ந்திருக்கட்டும்.

அப்புறம் வேறுபாட்டு வரைபடம். வினை தொடங்கிய பிறகு அளந்த அளவுகளிலிருந்து ஓய்வுநிலை அளவுகளைக் கழித்தால், எங்கே எலக்ட்ரான் கூடியது, எங்கே குறைந்தது என்று தெரியும். அலகுக்கூடு மாறாமல் இருந்தால்தான் இது சரிவரும். மருந்து உள்ளே வந்ததும் கூடு ஒரு சதவீதம் விரிந்தால்கூட இந்தக் கழித்தல் இரைச்சலைத்தான் தரும். அப்போது வினைமையத்தைக் காலியாக விட்ட மாதிரியிலிருந்து கணக்கிட்ட வரைபடத்துக்கு மாறுங்கள்.

படி 8: கலவையைப் பிரித்துப் படிப்பது

எந்த நேரப்புள்ளியிலும் நீங்கள் பார்ப்பது ஒரு தனி நிலையை அல்ல, ஒரு கலவையை. பிளா-சியில் 30 மில்லிவினாடியில் செஃப்ட்ரியாக்சோன் முழு உருவில், உடையாமல், வினைமையத்தில் வந்து படிந்திருந்தது. 500 மில்லிவினாடியில் மருந்தின் பீட்டா-லாக்டம் வளையம் திறந்து, செரின்-70 என்ற அமினோ அமிலத்தோடு மருந்து சகப்பிணைப்பில் ஒட்டியிருந்தது. அதே இடத்தில் இன்னும் உடையாத மருந்தின் அடர்த்தியும் சேர்ந்தே தெரிந்தது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் என்று பொருத்த வேண்டும்.

அந்தப் படிகத்தில் நொதியின் நான்கு பிரதிகள் அடுக்கப்பட்டிருந்தன. அவற்றில் இரண்டில்தான் மருந்து தெளிவாகப் படிந்தது. ஒரே படிகம், ஒரே கலப்பு, ஆனால் பக்கத்துப் பிரதியில் வினை தொடங்கவே இல்லை. உங்கள் படிகத்திலும் ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகள் இருந்தால் ஒவ்வொன்றையும் தனி நொதியாக நினைத்துத் தனித்தனியாகப் பாருங்கள். எல்லாவற்றையும் சராசரி எடுத்தால் இந்த வேறுபாடு காணாமல் போய்விடும்.

இங்கே ஆசை வழி தவறச் செய்யும். 20 சதவீதம் மட்டுமே இருக்கும் ஒரு நிலைக்கு நீங்கள் எதிர்பார்த்த இடைநிலையைப் பொருத்தினால், மென்பொருள் மறுப்பு சொல்லாது, பொருந்தியதாகவே காட்டும். ஆகவே பொருத்துவதற்கு முன் உள்ள வெறும் அடர்த்தியைப் பாருங்கள், கட்டுரையிலும் அதையே காட்டுங்கள். வேறு இரண்டு மாதிரிகளையும் பொருத்திப் பார்த்து, அவை ஏன் சரியில்லை என்று சொல்ல முடிகிறதா என்று கேளுங்கள். முதன்மைச் சங்கிலியின் கோணங்கள் ராமச்சந்திரன் வரைபடத்தில் அனுமதிக்கப்பட்ட இடத்தில் விழுகின்றனவா என்றும் பாருங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1963-இல் பிறந்த அந்தச் சோதனை இன்றும் ஒவ்வொரு புரத அமைப்புக்கும் நடக்கிறது.

கடைசியாக, நேரத்தோடு சதவீதங்கள் மாறும் விதம், படி 1-இல் படிகச் சேற்றில் அளந்த வேகத்தோடு ஒத்துப்போக வேண்டும். இடைநிலை 500 மில்லிவினாடியில் உச்சம் தொடுவதாக வரைபடம் சொல்லும்போது நிறமாலை 50 என்று சொன்னால், ஏதோ ஒன்று தவறு. பெரும்பாலும் ஊறும் நேரம்தான் இரண்டையும் பிரித்திருக்கும். படிக அளவை மறுபடி அளந்து, படி 3-இன் கணக்கைத் திரும்பப் போட்டுப் பாருங்கள்.

அமைப்புகளைப் புரோட்டீன் டேட்டா பேங்கில் வைக்கும்போது ஒவ்வொரு நேரப்புள்ளிக்கும் தனிப் பதிவு போடுங்கள், ஒப்பீட்டுப் படங்களையும் சேர்த்து. வேறுபாட்டு வரைபடத்தை இன்னொருவர் திரும்பக் கணக்கிட ஓய்வுநிலை அளவுகளும் தேவைப்படும். முடிந்தால் மூலப் படங்களையும் பொதுக் களஞ்சியத்தில் போடுங்கள். கூடவே, படிகங்களின் அளவுப் பரவலைக் காட்டும் நுண்ணோக்கிப் படத்தையும் வினைபொருள் செறிவையும் கட்டுரையிலேயே கொடுத்துவிடுங்கள். அவை இருந்தால்தான் நீங்கள் எழுதிய மில்லிவினாடியைப் படிப்பவர் சரிபார்க்க முடியும்.